பிரித்துவிட்ட தையல்

என் அழுத்தக்காரிக்கு,

ஆஸ்பத்திரிக்கு நேரில் வந்தால் அந்த டாக்டரைப் பார்த்து வயிறெரிகிறது. அதனால் எழுதுகிறேன்.

நீ இளைக்க இளைக்க, உன் சட்டைகளை நான்தான் இடுப்பில் பிடித்துத் தைத்தேன். யாருக்காக இந்த அழகு என்று மிஷினை மிதிக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் பொருமினேன். வயிற்றில் கட்டி இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? கேட்டால் "ஒண்ணுமில்லைங்க" என்பாய். அந்த மனுஷர் வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "எப்போலேர்ந்து வலிக்குது?" என்றதும், "ஒரு வருஷமா டாக்டர்" என்று கடகடவென ஒப்பித்தாய். பக்கத்தில் நான் மரம் மாதிரி நின்றேன்.

"ரொம்ப அபூர்வமான கட்டி" என்று சொல்லும்போது அவர் முகத்தில்தான் என்ன பூரிப்பு! நம் கல்யாணப் படத்தில் நான்கூட அப்படிச் சிரிக்கவில்லை.

ஆபரேஷனில் கட்டியை முழுசாக எடுத்தாச்சாம், இனி மாத்திரை போதுமாம். நேற்று கட்டு மாற்றும்போது அவர் போட்ட தையலைப் பார்த்தேன். குறை சொல்லத் துடித்தேன். ஒரு இழைகூடக் கோணவில்லை, பாவி.

இனி வலித்தால் முதலில் என்னிடம் சொல்.

நான் பிடித்த தையலையெல்லாம் பிரித்துவிட்டேன். உன் சட்டைகள் பழைய அளவில் தொளதொளவென்று தொங்குகின்றன. சீக்கிரம் வந்து, நன்றாகச் சாப்பிட்டு, அவற்றை இறுக்கமாக்கு.

உன் அளவு மறக்காத,
தையல்காரன்