மச்சான், இரும்பிலிருந்து முதலில் இறங்குவது எது?

என் அக்காவைக் கட்டின மச்சானுக்கு,

கடிதத்தை ஆசையாய் ஆரம்பிக்க வேண்டுமாம். இதற்கு மேல் வரவில்லை. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அக்கா கொஞ்சம் சாப்பிடுகிறாள். உன்னைப் பற்றி நல்லதாய் நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி எல்லோரும் கேட்கிறார்கள். அந்தச் சரக்கு என்னிடம் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன், கேள்.

புதுப்பட்டினத்தில் என் அரிசி மண்டிக்கு மேல்மாடியில்தானே இத்தனை காலமும் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுத்தாய்? அச்சரப்பாக்கத்திலிருந்து வரும் லாரியில் மூட்டை இறங்குவதை மேலேயிருந்து பார்த்துத்தான் ஒரு விதியைப் பிடித்தாய். கடைசியில் ஏற்றிய மூட்டை முதலில் இறங்கும். அணுவிலும் கடைசியில் ஏறிய எலக்ட்ரான்தான், அது அயனியாகும்போது முதலில் இறங்கும் என்றாய். லாரி ரூல் என்று பேரும் வைத்தாய். என் லாரி பாடத்தில் ஏறிவிட்டதே என்று எனக்கும் பெருமைதான்.

சோடியத்துக்கு அது சரியாகவே வந்தது. இரும்பில்தான் மாட்டினாய். இரும்பின் கடைசி எட்டு எலக்ட்ரானில் முதலில் 4s-இல் இரண்டு ஏறும், அப்புறம் 3d-இல் ஆறு. இரண்டு போக வேண்டுமென்றால் உன் கணக்குப்படி 3d-இலிருந்து போகணும். அப்போது பிளஸ் டூ படித்த என் மகள் செல்வி எழுந்தாள்.

"இல்ல மாமா, 4s-தான் வெளிக்கூடு. அங்க இருக்கறதுதான் முதல்ல போகும். 3d-ல ஆறும் அப்படியே இருக்கும்."

"இன்னாடி, உங்கப்பன் லாரியில மூட்ட இறங்கறத நீ பாத்ததே இல்லியா?"

"லாரிக்குப் பின்னாடி கதவு கீது மாமா. அணுவுக்கு எங்க கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். உனக்கு அது பொறுக்கவில்லை. "அரிசிக்காரன் பொண்ணு எனக்குப் பாடம் நடத்துது. வெளிய போ. அத்தினி பேர் முன்னாடியும் மன்னிப்பு கேட்டுட்டு அப்புறம் உள்ள வா" என்றாய். அவள் மன்னிப்பு கேட்கவில்லை. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. என் மகள் கீழே மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தானாகவே படித்தாள், தலைக்கு மேல் உன் குரலைக் கேட்டுக்கொண்டே.

தெரியாமல் செய்தாய் என்றால் விட்டிருப்பேன். மறு வருஷம் மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் நீயாகவே சொன்னாய். "செல்வி சொன்னதுதான்டா சரி. புக்குல பாத்துட்டேன்."

"அப்ப அவகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்."

"பேஜாரு பண்ணாத. இப்ப மாத்துனா எவன் வருவான் டியூஷனுக்கு?"

சொல்லிவிட்டுச் சிரித்தாய் மச்சான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருஷமும் லாரி ரூல் மேலேயிருந்து கேட்டது. எடைக்கல் குறைச்சல் என்று தெரிந்தபின்னும் அதே கல்லைப் போட்டு நிறுக்கிறவனை எங்கள் வியாபாரத்தில் என்னவென்று சொல்வோம்? உனக்கே தெரியும். மாடியைக் காலி பண்ணு என்று சொல்லாமல் விட்டது அக்கா முகத்துக்காக. உனக்காக இல்லை.

இங்கே ஒரு சேதி. உன் பழைய மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். எல்லாம் இப்போது பெரிய வேலையில் இருக்கும் அணுமின் நிலைய டவுன்ஷிப் பிள்ளைகள்.

"அண்ணாத்த, மாடியில சார் போட்டோ மாட்டி, கீழ லாரி ரூல எழுதிடறோம். சார் பேரு நிக்கணும்ல?"

"போட்டோ மாட்டு. ரூலு வேணாம்."

"இன்னா அண்ணாத்த, செத்தவரோடவா சண்ட?"

"உசுரோட இருந்தப்ப அவரு சண்டைக்கு வரலியேப்பா."

கல்யாணத்தில் நீ சொன்னதைச் சொன்னேன். அன்றைக்கு நீ செல்வியை வெளியே அனுப்பியபோது அவளுக்குக் கையாட்டிச் சிரித்து வழியனுப்பினவனும் அவர்களில் இருந்தான். அவன் அவள் போன் நம்பர் கேட்டான். அங்கேயே பேசினான். அவள் இப்போது சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில், சோதனைக் கூடத்தில் இருக்கிறாள். "தப்பா சிரிச்சிட்டோம்மா" என்றான். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "நீங்க சொல்லிட்டீங்க, மாமா சொல்லலியே" என்றாளாம்.

அவ்வளவுதான் மச்சான் விஷயம். அந்த ஒரு வார்த்தை உன் வாயிலிருந்துதான் வந்திருக்கணும். கடைசியில் நீ கட்டிலில் கிடந்தபோதுகூட அவள் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாளே, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? வாயில் வாங்கிச் சாப்பிட்டாய். அதே வாயால் சொல்ல என்ன கேடு?

போட்டோ மாட்டியாச்சு, அக்காவுக்காக. அதற்குக் கீழே வெறும் சுவர்தான். அந்த மாடிக்கு இனி எந்த வாத்தியார் வந்தாலும், இரும்பைச் செல்வி சொன்னபடி சொல்லிக் கொடுக்கிறவனுக்குத்தான் சாவி. உன் திதிக்கு வருஷம் தவறாமல் வந்து இலை போடுவேன், உனக்குப் பிடித்ததெல்லாம் வைப்பேன். மன்னிப்பை மட்டும் வைக்க மாட்டேன். அது நான் தரக்கூடியதும் இல்லை.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டிக்குத் தம்பி, அதற்கு முன்னால் செல்விக்கு அப்பன்.