கூண்டுக்குள் நீட்டிய கை

பிப்ரவரி 9, திங்கள்

இடது கடைவாய்ப் பல் உயிரை எடுக்கிறது. காபியை வாயில் வைக்க முடியவில்லை. "புடுங்கிப் போட்டுடு" என்கிறார் இவர். அவர் பல்லா போகிறது, சொல்ல மாட்டாரா?

பம்பரம் இன்று ஆய்வுக்கூடத்தில் ஒரே குதி. பக்கத்து மேசைக்காரி, பதினோரு வருடத் தோழி. ஓர் இடத்தில் நிற்க மாட்டாள் என்று நான் வைத்த பெயர் அது. அவள் வளர்க்கும் கொசுக் கூட்டத்துக்கு டெங்குக் கிருமி கலந்த ரத்தம் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாளாம். எச்சிலில் கிருமியே இல்லை. வயிற்றில் மட்டும் கொஞ்சம் கிடக்கிறது.

"பாருடி, உள்ளயே மடக்கிப் போட்டிருக்குங்க!"

கொசுவுக்கும் எதிர்ப்புச் சக்தி உண்டு என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். கிருமியை ஏற்றிப் போகிற வண்டி என்றே எல்லோருக்கும் நினைப்பு. கிருமி உள்ளே போனதுமே சண்டை ஆரம்பித்துவிடும். சாதாரணக் கொசு அதை முழுசாகக் கொல்லாது. தன் உயிருக்கு ஆபத்தில்லாத அளவுக்கு அடக்கி வைக்கும். மிச்சம் எச்சிலுக்கு வந்து, அடுத்து கடிபடுகிறவருக்குப் போய்ச் சேரும். பம்பரத்தின் கூட்டம் அந்த மிச்சத்தைக்கூட விடவில்லை. ஏன் என்று அவளுக்கே இன்னும் தெரியாது.

பிப்ரவரி 11, புதன்

பல் டாக்டரிடம் போனேன். வேரில் சீழாம். "மொதல்ல சீழ் வத்தட்டும், அப்புறம்தான் பல்லுல கை வைப்பேன்." ஒரு வாரத்துக்கு மாத்திரை.

பிப்ரவரி 13, வெள்ளி

சார் கூப்பிட்டார். எங்கள் ஆய்வுக்குத் தலைவர். பம்பரத்தின் முடிவு நன்றாக இருக்கிறதாம், ஆனால் வேறு ஒருவர் செய்தாலும் இதே வர வேண்டுமாம். "நீங்க செய்ங்க. உங்க வேலையில பிசிறு இருக்காது."

பம்பரத்தின் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. இந்த முடிவு உறுதியானால் நீட்டிப்பு நிச்சயம். இல்லாவிட்டால் அவள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அம்மாவையும் வைத்துக்கொண்டு எங்கே போவாள்?

அவர் என்னைக் கூப்பிட்டதில் எனக்குப் பெருமைதான். மறைப்பானேன்.

பிப்ரவரி 16, திங்கள்

இன்று கூண்டுக்குள் கை. கிருமி கொடுப்பதற்கு முன் கொசுக்களுக்கு ஒருமுறை நல்ல ரத்தம் கொடுத்து முட்டையிட வைப்பது எங்கள் வழக்கம். அதற்கு ஆடு மாடெல்லாம் கிடையாது. சோதனை செய்கிறவர்தான் வலைக்கூண்டுக்குள் கையை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். முதல் தடவை பம்பரம் தன் கையைக் கொடுத்தாள். இது என் முறை.

அவள் உள்ளே வரக் கூடாது என்று சார் சொல்லியிருந்தார். வாசலில் நின்றபடியே விசாரணை நடத்தினாள்.

"சோப்பு போட்டியா?"

"இல்ல."

"க்ரீம்? சென்ட்டு?"

"பச்சைத் தண்ணியில கழுவினேன் தாயே, ஆளை விடு."

கொசுக்கள் வயிறு முட்டக் குடித்துவிட்டுப் பறக்க முடியாமல் வலையில் தொங்கின. கை பூராவும் தடிப்பு. பல் வலி சுத்தமாகப் போய்விட்டது. மாத்திரையின் கசப்பு மட்டும் நாக்கில் நிற்கிறது.

மார்ச் 6, வெள்ளி

எச்சிலில் கிருமி இருக்கிறது. கொஞ்சநஞ்சம் இல்லை, நிறைய.

திரும்பப் பார்த்தேன். அதேதான்.

மார்ச் 9, திங்கள்

சார் அறையில் மூன்று பேரும். பம்பரத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னொரு தடவ பண்ணுடி. எங்கயோ தப்பு நடந்திருக்கு" என்றாள்.

"தப்புன்னா என் பக்கமா?" என்று கேட்டேன். சுருக்கென்றது எனக்கு. அவள் எழுந்து போனதும் சார் என்னைப் பார்த்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அவ கொஞ்சம் அவசரக்காரி சார்" என்றேன்.

கதவு சரியாகச் சாத்தியிருந்ததா?

மார்ச் 20, வெள்ளி

பம்பரம் சாப்பாட்டு அறையில் வேறு மேசை.

ஏப்ரல் 15, புதன்

இரண்டாவது தடவை செய்ய நேரமில்லை என்று சார் முடித்துவிட்டார். நான் கேட்டிருந்தால் நேரம் கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

ஜூன் 30, செவ்வாய்

போய்விட்டாள். மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, ஒரு பையோடு. நான் வாசல் வரைக்கும் கூடப் போனேன். படியில் நின்று, "அதுங்களப் பட்டினி போட்டுடாத" என்றாள். கொசுக்களைச் சொன்னாள். போகிறவரை என்னைப் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 3, வியாழன்

மறுபடியும் அதே பல். நேற்று டாக்டர் ஒரு பிடி பிடித்தார். "வலி போனதும் ஆளே வரல. இப்ப மட்டும் வழி தெரிஞ்சுதா?" மறுபடியும் அதே மாத்திரை.

இன்று பம்பரத்தின் கூட்டத்துக்கு ரத்தம் கொடுக்கும் நாள். இப்போது நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். கையைக் கழுவிவிட்டுக் கூண்டுப் பக்கம் வந்து குனிந்தேன், கோட்டுப் பையில் மாத்திரை அட்டை சரசரத்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

சீழை வற்றவைக்கிற மாத்திரை பாக்டீரியாவைக் கொல்லும். என் பல்லோடு நிற்காது. ரத்தத்தில் இருக்கும். ரத்தத்தை யார் குடித்தார்கள்?

கொசுவின் வயிற்றில் எப்போதும் பாக்டீரியா குடியிருக்கும். அது இருப்பதால்தான் கொசுவின் எதிர்ப்பு தூங்காமல் இருக்கிறது. அதைத் துடைத்து எடுத்துவிட்டால் டெங்குக் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி. இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் பாடமே நடத்தியிருக்கேன். எத்தனை தடவ நடத்தியிருக்கேன்! எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? அவ சோப்பு கேட்டா, க்ரீம் கேட்டா, சென்ட்டு கேட்டா — மாத்திரைய நான்தானே சொல்லியிருக்கணும்? கொசுவை நானே மயக்கிப்போட்டுட்டு, கிருமி வந்துடுச்சுன்னு போய்ச் சொன்னேனே. பாவி.

செப்டம்பர் 7, திங்கள்

சாரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஒரே கூட்டத்திலிருந்து இரண்டு கூண்டு. ஒன்றில் மாத்திரை சாப்பிடும் என் கை. இன்னொன்றுக்கு யார் கை என்று கேட்டதும் அறையில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் சாரே முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கொசு கடித்ததும் "ஐயோ அம்மா" என்றார். வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். பம்பரம் இருந்திருந்தால் நாங்கள் ஒரு வாரம் சிரித்திருப்போம்.

செப்டம்பர் 25, வெள்ளி

சாரின் கூண்டு: எச்சில் சுத்தம். என் கூண்டு: கிருமி.

அவள் செய்ததில் முதல் நாளிலிருந்தே ஒரு தப்பும் இல்லை.

சாருக்குத் தலைகால் புரியவில்லை. "இது அதைவிடப் பெரிய விஷயம்! உடனே எழுதுங்க." எனக்குக் கூண்டைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது. "அவளக் கூப்பிடுங்க சார்" என்றேன். "அந்த இடத்துக்குத்தான் ஆள் வந்தாச்சே. பேரை வேணா சேர்த்துக்கலாம்" என்றார்.

செப்டம்பர் 27, ஞாயிறு

காலையில் ஃபோன் செய்தேன். பல், மாத்திரை, கூண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் சத்தம். அது அடங்கியதும் அவள் குரல்.

"சரி, அது மாத்திரை பண்ணின வேலை. அவசரக்காரின்னு சொன்னதும் மாத்திரையா?"

கதவு சாத்தியிருக்கவில்லை.

மன்னிச்சிடு என்றேன். அது காதில் விழாதது போல, "பேரை மொதல்ல போடச் சொல்லு. அது என்னோடது" என்றாள். வைத்துவிட்டாள். பிறகு சமைக்கவில்லை, இவர் போய் ஏதோ வாங்கி வந்தார். சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

நவம்பர் 24, செவ்வாய்

கட்டுரை ஆய்விதழுக்குப் போய்விட்டது. முதல் பெயர் அவளுடையது. சாரிடம் அதற்கு மட்டும் சண்டை போட்டு ஜெயித்தேன்.

இன்று இவர் ஆபீசில் குடும்பத்துக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள் என்று ஒரு லேபுக்குப் போனேன். அந்த லேபில்தான் அவள் ரத்தம் எடுக்கிறாள் என்று தெரியாமல் போனேன் என்று எழுதினால் பொய். தெரிந்துதான் போனேன். என்னென்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம்கூடச் செய்தேன்.

என் முறை வந்தது. கையுறை போட்டுக்கொண்டு திரும்பியவள் ஒரு நொடி நின்றாள். பிறகு எல்லோருக்கும் போல நாற்காலியைக் காட்டினாள். அதே சுறுசுறுப்பான விரல்கள். ஆனால் இங்கே ஒரே இடத்தில் நின்றுதான் வேலை. சீட்டைப் பார்த்து, வயது கேட்டாள். வெறும் வயிறா என்று கேட்டாள். மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு, வயதைச் சொன்னேன், ஆமாம் என்றேன்.

"மருந்து, மாத்திரை ஏதாவது எடுத்துக்கறீங்களா?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். எனக்கு முன்னால் இருந்த பெரியவரிடமும் இப்படியேதான் கேட்டாள். பதினோரு வருடமாக என்னை வாடி போடி என்றவள்.

"இல்ல" என்றேன்.

குறித்துக்கொண்டாள்.

"கைய நீட்டுங்க."

நீட்டினேன்.