நீலமாகத் தெரிந்த இடம்

நவம்பர் 16, காலை 8.10
நிலையம்: நன்னீர்க் கண்காணிப்பு 3. ஆள்: ஒருவர். ஜெசிந்தா, காட்சிப் பொறியாளர்.
கேமராக்கள் சரி. ஏரிகளின் நீர்ப்பரப்பு வரைபடம் தரைக்கு அனுப்பப்பட்டது. தண்ணீர் லாரி எங்கே போக வேண்டும், எந்த மதகு திறக்க வேண்டும் என்பதைக் குடிநீர் வாரியத்தின் கணினி இந்த வரைபடத்தை வைத்தே முடிவு செய்கிறது. ஏரியை நிரப்பும் முன் ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. தரையில் அதிகாரியை அனுப்பினால் ஜனங்கள் ஜீப்பை மறிக்கிறார்கள். அதனால் என்னை இங்கே வைத்திருக்கிறார்கள். சுற்றுப்பாதையில் மறியல் நடக்காது.

நவம்பர் 16, மதியம் 2.25
வரைபடம் தவறு என்று யாராவது புகார் செய்தால் அழைப்பு எனக்கு வரும். இதுவரை வந்ததில்லை. அந்த எண்ணை யாருக்கும் சொல்வதில்லை. இன்று வந்தது. அழைத்த பெண்ணின் பெயர் பவுனு. வறண்டுபோன கருவளம்பேடு ஏரிக்குள் குடிசை. எண்ணைக் கொடுத்தது லாரி டிரைவர்.
"லாரி வந்து நாலு நாளாச்சும்மா. ஆபீசுல கேட்டா, உங்க இடமே தண்ணிதான், இன்னும் எதுக்கு தண்ணின்னு சிரிக்கிறான். அவன வந்து ஒரு வாய் மொண்டு குடிக்கச் சொல்லு பாக்கலாம்."
வரைபடத்தில் அந்த ஏரி முழுக்க நீர். கேமராவை நெருக்கிப் பார்த்தேன். தார்ப்பாய்கள். போன புயலுக்குப் பிறகு அரசு நிவாரணமாகக் கொடுத்த நீலத் தார்ப்பாய், குடிசைக்கு ஒன்று. கணினி அதைத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டது. பக்கத்து ஏரிக்குள் டவுன்ஷிப் கட்டியிருக்கிறார்கள். அதை மட்டும் 'கட்டடம்' என்று ஒருவர் உட்கார்ந்து கையால் குறித்திருக்கிறார்.

நவம்பர் 17, காலை 9.40
புயல் நெருங்குகிறது. மேல் அணை நிரம்பிவிட்டது. உபரி நீரைக் கருவளம்பேடு ஏரிக்குத் திருப்ப ஒப்புதல் கேட்டார்கள். மறுத்தேன். தரைக் கட்டுப்பாட்டு அலுவலர் தணிகைநாதனுடன் நடந்த பேச்சு:
"படத்துல தண்ணிதானேம்மா இருக்கு? தண்ணிக்குள்ள தண்ணிய விடப்போறோம்."
"சார், அது தார்ப்பாய். அடியில ஆளுங்க இருக்காங்க."
"அவங்க அங்க இருக்கவே கூடாது. இந்தப் பக்கம் விடலைன்னா டவுன்ஷிப்புக்குள்ள போகும். அங்க யார் யார் வீடு இருக்குன்னு தெரியும்ல? ஒரு பட்டன்தானே, அமுக்கிட்டுப் போ."
அமுக்கவில்லை.

நவம்பர் 17, மதியம் 1.05
என்னைக் கீழே அழைத்துப்போக வரவிருந்த கலம் ரத்து. காரணம்: வானிலை. அடுத்த கலம் எப்போது என்ற இடம் காலி. அவசரக் கலத்தின் கதவும் தரையிலிருந்து உத்தரவு வந்தால்தான் திறக்கும். தள்ளிப் பார்த்தேன். உதைத்தும் பார்த்தேன். உதைத்த வேகத்தில் எதிர்ச்சுவரில் போய் மோதினேன்.

நவம்பர் 17, மதியம் 3.30
பவுனுவை அழைத்தேன். எல்லாரையும் கூட்டிக்கொண்டு கரையேறச் சொன்னேன்.
"போன புயலுக்கு ஸ்கூலுக்குப் போனோம். திரும்பி வந்தா பாதி இடத்துல வேலி போட்டுட்டான். இந்த வாட்டி போனா மீதியும் பூடும். நீ மேலதான கீற? எங்களப் பாத்து அவங்களாண்ட சொல்லு."
"சொன்னேன்க்கா. தார்ப்பாய் நீலமா இருக்குறதால தண்ணின்னு காட்டுது."
"அவனே குடுத்த பாய்தான?" சிரித்தார். "சரி, பிரிச்சுப் போட்டுடறோம். காலைல பாரு."
தெளிவான படம் ஒன்று கிடைத்தால் போதும் என்று நானும் சொன்னேன்.

நவம்பர் 18, காலை 7.15
மேகம். கடலோரம் முழுக்க வெள்ளை. மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் போன ஆண்டே செத்துவிட்டது. மாற்றப் பணம் ஒதுக்கவில்லை. மேகம் மறைத்தால் கணினி கடைசியாகக் கிடைத்த தெளிவான படத்தை எடுத்துக்கொள்ளும். அதாவது நீலப் படத்தை.
அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று மூன்று முறை எழுதி அனுப்பினேன். வந்த பதில்: "மருத்துவக் குழுவின் முடிவு: தனிமையால் மனக்குழப்பம். ஒப்புதல் அதிகாரம் கணினிக்கு மாற்றப்படுகிறது. ஓய்வெடுக்கவும்."
செய்தி அனுப்பும் வழியை அடைத்துவிட்டார்கள். பேசும் வழியையும். என் குரல் இனி இந்தத் தகரத்துக்குள்தான். கேட்கும் வழியை அடைக்க மறந்துவிட்டார்கள். இந்தக் குறிப்பேட்டையும்.

காலை 8.02
கணினி ஒப்புதல் தந்தது. மேல் அணை மதகுகள் திறந்தன. தண்ணீர் கருவளம்பேட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆகும்.

காலை 8.40
பவுனு அழைக்கிறார். கத்தினேன். மைக்கை ஸ்பேனரால் அடித்தேன். போகவில்லை. என் குரல் போகவில்லை.
"தங்கச்சி, எல்லாப் பாயையும் பிரிச்சுட்டோம். ஒண்ணு பாக்கியில்ல. கொழந்தைங்க மேல பாத்து கையாட்டுதுங்க. செம மழ. ஹலோ? பேச மாட்டியா? சரி, நீ பாத்து சொல்றவரைக்கும் ஒருத்தரும் நவுர மாட்டோம்."
ஜன்னலில் வெள்ளை. எங்கும் வெள்ளை.

காலை 8.58
அழைப்பு இன்னும் இணைப்பில் இருக்கிறது. மழைச் சத்தம். அதற்கு அடியில் வேறொரு சத்தம். பவுனு யாரையோ அதட்டுகிறார்:
"ஏய், எங்க ஓடுற? நில்லு. அந்தப் பொண்ணு நம்மளதான் பாத்துனு கீது."