எல்லாம் எடுத்தாயிற்று, ஆனாலும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த ஒரு வரியிலேயே குழம்பி உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கேட்டது உனக்குப் புரியவில்லை, சரிப்பா சரிப்பா என்று சமாளித்தாய். உன்மேல் தப்பில்லை, நாக்கில் ஒரு பக்கத்தை எடுத்த பிறகு நான் பேசுவது எனக்கே சில சமயம் புரிவதில்லை.

டாக்டரைப் பார்த்தோம். கட்டியை முழுக்க எடுத்தாயிற்று என்றார், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த மூச்சிலேயே, ஆனாலும் ரேடியேஷன் கொடுத்துவிடலாம் என்கிறார். எடுத்தாயிற்று என்றால் இது எதற்கு? வெட்டிய ஓரத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்ததாம், கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது தங்கியிருந்தால் திரும்ப வருமாம், வராமலும் போகலாமாம். கொடுத்தால் எச்சில் வறண்டு ருசி போகுமாம், பேச்சு இன்னும் குழறலாமாம், அதற்கு முன்னால் சொத்தைக் கடைவாய்ப் பற்களை வேறு பிடுங்க வேண்டுமாம். இப்போதுதான் சோற்றை மென்று தின்னப் பழகியிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், தள்ளிப்போட்டால் பலன் குறையும் என்கிறார்.

நம் சலூனில் முன்பெல்லாம் நான் பேசுவேன், நாற்காலியில் இருப்பவர் தலையாட்ட முடியாமல் கேட்பார். இப்போது அவர்கள் முறை. தபால்காரர் தன் மச்சான் ரேடியேஷன் எடுத்துக் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான் என்கிறார், டயர் கடைக்காரர் தன் அண்ணன் எடுக்காமலே அப்படித்தான் இருக்கிறார் என்கிறார். முடி வெட்டிக்கொண்டது அவர்கள், தலை சுற்றியது எனக்கு.

அம்மா நேற்று துணி மடித்துக்கொண்டே, "பேச்சு வரலேன்னாலும் பரவாயில்லை, நீங்க இருந்தாப் போதும்" என்றாள். காலையில் அதையே திரும்ப வாங்கிக்கொண்டாள், நான் சொன்னேன் என்று செய்துகொள்ளாதீர்கள், நாளைக்கு ஏதாவது ஆனால் என்னால் தாங்க முடியாது என்கிறாள். டாக்டரும் உங்கள் இஷ்டம் என்கிறார், உன் தம்பியும் உங்க இஷ்டம் என்கிறான். எனக்கென்று ஒரு இஷ்டம் தெரிந்தால் ஊரெல்லாம் ஏன் கேட்கிறேன்? அதனால் நீயாவது, செய் அல்லது வேண்டாம் என்று இரண்டில் ஒன்று சொல்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அந்தச் சொல்லை அடிக்கப் போனேன். செய் என்று சொல்வாய் என நினைத்தால் பயம்தான், ஆனால் அதை அடிக்கத் தோன்றவில்லை. செய் என்றே சொல்லிவிடும்மா.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். போட்டோவில் பார்த்தேன், குழந்தைக்கு முடி கண்ணில் விழுகிறது. நீ கத்தரிக்கோலை எடுக்காதே, கிளிப் போட்டு வை, நான் வெட்டிவிடுகிறேன்.

உன் அப்பா