எந்தக் குழாய் யாருடையது

ஓபன்,
மார்ச் 9

அன்பு மகள் கர்ஸ்டிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்தில் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த வார்த்தையிலேயே பேனா நின்றுவிட்டது. பதறாதே, முழுசாகப் படி. எனக்கும் அப்பாவுக்கும் ஒரே வாரத்தில் பிறந்தநாள் இல்லையா, அதனால் பிறந்தநாளை ஒட்டி அரசு அனுப்பும் குடல் புற்றுநோய்ப் பரிசோதனை உறைகளும் ஒரே தபாலில் வந்தன. மலத்தில் குச்சியைத் தொட்டுக் குழாயில் போட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். போன தடவை அப்பா மாதக்கணக்கில் இழுத்தடித்தார், அதனால் இந்த முறை ஒரே நாளில் முடிப்போம் என்று நான்தான் விரட்டினேன். அவர் ரெண்டு உறையையும் பிரித்து, குழாய்களைக் குளியலறை ஜன்னலில் அணிவகுப்பு மாதிரி நிறுத்திவிட்டார். குழாயில் பெயர் கிடையாது, வெறும் எண்தான்.

பத்து நாளில் அப்பா பெயருக்குக் கடிதம், ரத்தம் தெரிகிறது, கேமரா வைத்துப் பார்க்க வரவேண்டும் என்று. எனக்கு ஒன்றுமில்லையாம். அன்னிக்கு நீ எடுத்தது இடப்பக்கக் குழாயா வலப்பக்கமா என்று அப்பா கேட்டார். எனக்கு நினைவில்லை, அவருக்கும் இல்லை. முப்பத்தாறு வருஷமா எல்லாத்துலயும் பாதி கேட்டே, இப்ப இதுலயும் பாதியா என்கிறார். விசாரணை எண்ணுக்குப் போன் செய்தேன். அந்த நர்ஸ் பெண் சிரிக்கவே இல்லை, அதற்காகவே அவளைப் பிடித்துப்போயிற்று. அவர் கேமராவுக்குப் போகட்டும், உங்களுக்கு வேறு குழாய் அனுப்புகிறோம், ரத்தம் என்றாலே புற்றுநோய் இல்லை, மூல நோயாகக்கூட இருக்கலாம் என்றாள். புதுக் குழாயை அனுப்பி ஆறு நாளாகிறது. தபால்காரர் வந்தால் நான் வாசலுக்குப் போவதில்லை, அப்பாவை அனுப்புகிறேன். அவர் வந்து, கரண்ட் பில்தான், இதைப் பார்த்தாலே வயிறு கலக்குது, செவ்வாய்க்கிழமை கேமராவுக்குப் பேதி மருந்தே வேண்டாம் என்கிறார்.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். கடிதம் வந்த அன்று, என்னுடையதாக இருக்கக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியென்றால் யாருடையது என்பது அப்புறம்தான் உறைத்தது. நேற்று உருளைக்கிழங்கு சீவும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நானும் அதையேதான் நினைச்சேன் ஐலீன், உனக்கு முன்னாடியே நினைச்சேன் என்றார். சிரித்தோம். அப்புறம் ரெண்டு பேருமே சாப்பிடவில்லை.

கடவுள் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்திருக்கட்டும். இந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை முழுக்க அவருக்கு வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்து, அன்று மறக்காமல் போன் செய். உடம்பைப் பற்றிக் கேட்காதே, கால்பந்து பேசு. விமான டிக்கெட் எதுவும் பார்க்காதே. நீ வந்து நின்றால் இது பெரிய வியாதிதான் என்று அவர் நம்பிவிடுவார். நானும்தான்.

உன் அன்பு அம்மா,
ஐலீன்