கடைசியாக வந்தவர்கள்

திருத்துறைப்பூண்டி, தை 1968

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் ஞானசொர்ணம் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. கர்த்தருடைய தயவால் சுகமாயிருக்கிறேன். உங்கள் மூச்சிரைப்பு தணிந்ததா?

ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குக் கிருபையை விளக்க, நீங்கள் முப்பது வருஷமாகப் பிரசங்கிக்கும் திராட்சைத் தோட்டத்து உவமையைச் சொன்னேன். காலையிலிருந்து உழைத்தவர்களைப் போலவே சாயங்காலம் வந்த ஆட்களுக்கும் எஜமான் முழுக்கூலி கொடுத்தார், அதுதான் கிருபை என்றேன். ஏழு வயது அஞ்சலை எழுந்தாள்.

"கடைசியா வந்தவங்க வெளியூர் ஆளுங்களா டீச்சர்?"

இங்கே கூலி உயர்வு கேட்டவர்களை ஒதுக்கிவிட்டு, பண்ணையார் அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் மறித்து நின்ற அஞ்சலையின் அப்பாவை அந்த ஆட்கள் அடித்தே கொன்றுவிட்டார்கள்.

நான் அவசரமாக ஜெபம் பண்ணி வகுப்பை முடித்தேன். பயப்படாதீர்கள், பள்ளிக்கூடத்துப் பக்கம் கலவரம் வரவில்லை.

பனி அதிகம், உங்கள் பழைய கம்பளியை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். அஞ்சலைக்கு என்ன சொல்வதென்றும் எழுதுங்கள். அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறாள்.

தபால்காரர் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடுங்கள் அப்பா.

ஞானசொர்ணம்