பசை போட்டு ஒட்டிய இறக்கை

யோங் பெங்,
செவ்வாய்க்கிழமை.

மகன் ரூபேந்திரனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் லோஷினியும் நலம். அர்ச்சுனன் அங்கிள் நலமில்லை. நீ தாவாவில் புது டிரோன் வேலையில் நலமாக இருப்பது அம்மாவுக்கு அனுப்பிய படங்களில் தெரிகிறது. நான் குரலை உயர்த்தினால் போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். இதைப் பாதியில் வைக்க முடியாது. கிழித்துப் போட்டால் மறுபடி எழுதுவேன்.

போன வியாழக்கிழமை நானும் அர்ச்சுனனும் காஹாங் தோட்டத்தில் செம்பனைக்குப் புழு மருந்து அடிக்கப் போனோம். முதல் சுற்று, டாங்கி நிறைய மருந்து. டிரோன் எழும்பி இரண்டு ஆள் உயரம்கூடப் போகவில்லை, அதன் மூன்றாவது கையில் சுழன்ற இறக்கை ஒடிந்து பறந்தது. அர்ச்சுனன் மருந்து கலக்கும் தொட்டியருகே நின்றார், பாதுகாப்புக்கு நான் போட்ட கோட்டுக்கு வெளியேதான். துண்டு பட்டு வலது முழங்கைக்குக் கீழே பதினோரு தையல், நடுவிரல் இன்னும் மடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அந்த மனுஷன், "நான்தான்லா கிட்ட நின்னுட்டேன் மதி, மேனேஜர்கிட்ட அப்படியே சொல்லிடு, உனக்கு எதுக்குப் பிரச்சினை" என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் அந்தத் துண்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். முறிவு புதுசு இல்லை. பாதி முறிவில் பசை காய்ந்து கண்ணாடி மாதிரி நின்றது, மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து கருப்பு மார்க்கர் தடவியிருந்தது. நான் பசையைத் தொடுவதில்லை. அர்ச்சுனனுக்கு ஸ்பானர் பிடிக்கவே சோம்பல். மிச்சம் நீ ஒருத்தன். போனில் கேட்டால், "வேன் கதவுல இடிச்சு லேசா விரிசல்தான்பா, புதுசு வர ரெண்டு வாரம் ஆகும்னு நீங்கதானே சத்தம் போட்டீங்க, ரிப்பேர் பண்ணேன், நல்லாத்தானே பறந்துச்சு" என்கிறாய். காலி டாங்கியோடு வீட்டுக்குப் பின்னால் பறக்கத்தான் செய்யும். புதுசு வந்ததும் அதைக் கழிக்காமல் உதிரிப் பெட்டிக்குள் போட்டாயே, அது எந்தப் பாடத்தில் படித்தது? ரிப்பேர் செய்தவன் செய்த இடத்தைக் காட்டுவான். நீ செய்தது மேக்கப். என்னிடம் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். திட்டுக்குத் தையல் போட வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் விமானப் பட்டறையில் ஒன்பது வருஷம் இருந்தேன். அங்கே கழித்த இறக்கையை அதே இடத்தில் ரம்பம் போட்டு இரண்டாக அறுப்போம். வீட்டிலும் அப்படியே செய்தேன், நல்ல சாமானை ஏன்பா வெட்டுறீங்க என்று பதினைந்து வயசில் நீ கேட்டாய். எவனாவது அவசரத்தில் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்றேன். அந்த எவனாவது நீதான் என்று அப்போது தெரியாது. ஓரம் சொரசொரப்பாக இருந்தால் தேய்க்கலாம், தடவும்போது விரிசலில் நகம் மாட்டினால் கழிக்க வேண்டும், அதுவும் ஜோடியாக, ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் மோட்டார் நடுங்கும். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. பெட்டியில் இன்னும் எத்தனை ஒட்டினாய் என்று மூன்று தடவை மெசேஜ் போட்டேன், பதில் இல்லை. எனவே அதில் இருந்த பதினான்கு இறக்கையையும் அறுத்துவிட்டேன். அங்கே தாவாவில் நீ ஒட்டினது ஏதாவது பறக்கிறதா? அதன் கீழே நிற்கிற ஆளின் பெயராவது உனக்குத் தெரியுமா?

தோட்டத்து மேனேஜருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும். அர்ச்சுனன் சொன்ன மாதிரி எழுதினால் எல்லாருக்கும் சுலபம், அவரை மட்டும் இனி எந்தத் தோட்டத்துக்குள்ளும் விடமாட்டார்கள். அம்மா உன் பெயரை எழுதக் கூடாது என்கிறாள். "வேலைக்குப் போயி ரெண்டு மாசம்தான் ஆகுது, இது அங்க தெரிஞ்சா புள்ள என்ன பண்ணுவான், நீங்க அப்பாவா, இன்ஸ்பெக்டரா" என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். அதிலிருந்து பேச்சு இல்லை, சாப்பாடு வேண்டுமா என்று லோஷினிதான் வந்து கேட்கிறாள்.

நான் எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் முதலில் என் பெயர். மாட்டுவதற்கு முன் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டியவன் நான். அன்று காலை இறக்கை மாற்ற உதிரிப் பெட்டியைத் திறந்தபோது மூடியில் உன் கையெழுத்தில் 'பார்த்தாச்சு' என்று சீட்டு இருந்தது. அதை நம்பி நகம் வைக்கவில்லை. இனி உன் கையெழுத்தை நம்ப மாட்டேன், அது வேறு விஷயம். என் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டு, அந்தத் தாளை இதோடு கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ஒடிந்த துண்டில் பாதியும் உள்ளே இருக்கிறது. உன் பெயரை நான் எழுத மாட்டேன். நீ எழுது, அல்லது காலியாகவே திருப்பி அனுப்பு, அப்படியே மேனேஜரிடம் கொடுக்கிறேன்.

கை கால் முழுசாக, கெட்ட பெயர் இல்லாமல் நீ பிழைக்க வேண்டும், சாமி அதைக் கொடுக்கட்டும். மழையில் நனைந்துகொண்டு பேட்டரி மாற்றாதே. தாளை அனுப்புவதற்கு முன்னால் அர்ச்சுனன் அங்கிளுக்குப் போன் போடு. இடது கையால்தான் எடுக்க வேண்டும், நேரமாகும். எடுக்கும்வரை வைத்துவிடாதே.

அப்பா,
மதிவாணன்